பொக்ரெய்க் திறந்தவெளி அருங்காட்சியகம்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

பெல்ஜியத்தின் டச்சு மொழி பேசும் வடபகுதியான பிளாண்டர்ஸின் கிராமங்களில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதை எந்த அடுப்பில் சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், மாட்டை எங்கே கட்டினார்கள் என்பதை நேரில் பார்க்க விரும்புவோருக்குப் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில், கெங்க் நகரை ஒட்டியுள்ள பொக்ரெய்க்கை நான் முதலில் சொல்வேன். பிளெமிஷ் பகுதியின், அதாவது பிளாண்டர்ஸின், பல ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பிய நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் அங்கே காட்டுக்கு நடுவே நிற்கின்றன. 1958ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் இடம் அது.

ஆனால் திட்டமிடாமல் கிளம்பினால் ஏமாற்றம் நிச்சயம். நான் முதன்முறை போனது ஒரு திங்கட்கிழமை, வாயில் மூடியிருந்தது. இரண்டாவது முறை நவம்பர் இறுதியில் போனேன், பருவமே முடிந்திருந்தது. மூன்றாவது முறை சரியான நாளில்தான் போனேன், ஆனால் உள்ளே நுழையும்போது பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டதால் ரொட்டி சுட்டு முடித்து அடுப்பை மூடியிருந்தார்கள். அதன் பிறகு ஊரிலிருந்து வந்த என் பெற்றோரை அழைத்துச் சென்றபோதுதான் எல்லாவற்றையும் முறையாகச் செய்ய முடிந்தது. மூன்று வீண் பயணங்களில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் நாளை முடிவு செய்யுங்கள்

பொக்ரெய்க் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ திறந்து, இலையுதிர்காலத்தில், பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, மூடிவிடுகிறார்கள். தொடக்க நாளும் முடிவு நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், சென்ற ஆண்டு போய்வந்த நண்பர் சொன்ன தேதியை நம்பாமல், அருங்காட்சியகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்த ஆண்டின் நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். குளிர்காலத்திலும் சுற்றியுள்ள பூங்காவுக்குள் நடக்கலாம். அதனால்தான் இணையத் தேடலில் "திறந்திருக்கிறது" என்று காட்டி நம்மைக் குழப்புகிறது. திறந்திருப்பது பூங்கா மட்டுமே; வீடுகள் பூட்டிக் கிடக்கும்.

பருவத்துக்குள்ளும் திங்கட்கிழமை விடுமுறை என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அரசு விடுமுறை நாட்களிலும் பள்ளி விடுமுறைக் காலத்திலும் இதற்கு விலக்கு உண்டு, ஆனால் நாட்காட்டியில் அந்தத் தேதியைக் கண்ணால் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். நாட்காட்டி டச்சு மொழியில் திறந்தால், 'மாந்தாஹ்' என்பது திங்கள், 'ஹெஸ்லோதன்' என்பது மூடியிருக்கிறது என்ற இரண்டு சொற்கள் போதும்.

பிரஸ்ஸல்ஸில் குடியிருப்போருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிரெஞ்சு மொழிப் பள்ளிகளின் விடுமுறை நாட்காட்டி 2022 முதல் பிளெமிஷ் பள்ளிகளின் நாட்காட்டியிலிருந்து பிரிந்துவிட்டது. உங்கள் குழந்தை பிரெஞ்சுப் பள்ளியில் படித்தால், அதன் விடுமுறையும் பொக்ரெய்க் கணக்கில் கொள்ளும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

எந்த நாள் நல்ல நாள் என்று கேட்டால், மே, ஜூன் அல்லது செப்டம்பரில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பேன். மே, ஜூன் வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். சிறிய வீடுகளுக்குள் நுழையவே வரிசையில் நிற்க நேரிடும். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் சாதாரண வார நாட்களில் கூட்டம் இருக்காது, ஆனால் கைத்தொழில் செய்து காட்டுவோரும் குறைவாகவே இருப்பார்கள். கொல்லர் இல்லாத பட்டறையையும் தீ மூட்டாத அடுப்பையும் பார்ப்பதற்காக அவ்வளவு தூரம் போவது வீண். அன்றைய நாளில் என்னென்ன செய்முறைகள் நடக்கின்றன என்பதை இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்து, அதற்கேற்ப நாளைத் தேர்ந்தெடுங்கள்.

2. குளிர்காலத்தில் மட்டுமே வர முடியும் என்றால்

டிசம்பர் விடுமுறைக்கு வருவோர் மனம் தளர வேண்டாம். அதே பிளெமிஷ் அன்றாட வாழ்க்கையைக் கூரைக்குக் கீழே காட்டும் இரண்டு இடங்கள் குளிர்காலத்திலும் இயங்குகின்றன.

ஒன்று, கெண்ட் நகரில் கிரான்லெய் என்ற ஆற்றங்கரைத் தெருவின் 65ஆம் எண்ணில் உள்ள ஹெய்ஸ் ஃபான் அலெய்ன். ஒரு முற்றத்தைச் சுற்றி அமைந்த பழைய அறச்சாலை வீடுகளுக்குள், இருபதாம் நூற்றாண்டுக் குடும்ப வாழ்க்கையை, பிறப்பு, பள்ளி, திருமணம், பண்டிகை, கடைத்தெரு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே விடுமுறை நாள் புதன்கிழமை. பெல்ஜியத்தின் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமையில் மூடுவதால் பலர் இதைக் கவனிக்காமல் புதன்கிழமை வந்து திரும்புகிறார்கள்.

மற்றொன்று, புரூஜ் நகரில் பால்ஸ்திராத் 43இல் உள்ள மக்கள் வாழ்வியல் அருங்காட்சியகம். செருப்புத் தைப்போர் சங்கம் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய ஓர் அறை வீடுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் வகுப்பறை, மருந்துக்கடை, மிட்டாய்க்கடை, மளிகைக்கடை என்று அமைக்கப்பட்டிருக்கிறது. 'கறுப்புப் பூனை' என்ற பெயரில் ஒரு பழைய விடுதியும் உண்டு. இங்கே விடுமுறை திங்கட்கிழமை. அதே தெருவில் லேஸ் பின்னல் மையமும் இருக்கிறது. பிற்பகலில் போனால் மர உருளைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவதை அருகே நின்று பார்க்கலாம், ஆனால் அந்த மையத்துக்கு ஞாயிறு விடுமுறை. ஆகவே புரூஜுக்குச் செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாள் போய், காலையில் அருங்காட்சியகம், பிற்பகலில் பின்னல் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டுமே இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடியவை. இரண்டிலும் கட்டணம் பொக்ரெய்க்கைவிடக் குறைவு.

3. ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பதாக இருந்தால்

பொக்ரெய்க்கின் பருவத்தை முடிவு செய்த பிறகு விசாவுக்குப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாட்கள். சாதாரணமாக 15 நாட்களில் முடிவு தர வேண்டும் என்பது விதி, ஆனால் கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை ஆகலாம். கோடையில் நேர்காணல் நாள் கிடைப்பதே பெரும்பாடு. மே மாத இறுதியில் போக வேண்டுமென்றால் ஜனவரியிலேயே தாள்களைச் சேகரிக்கத் தொடங்கிவிடுங்கள்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ் கட்டணமில்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி. பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

பெற்றோரின் செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால், பெல்ஜியத்தில் 'இணைப்பு 3பிஸ்' எனப்படும் பொறுப்பேற்புப் படிவத்தை உங்கள் நகராட்சியில் கையொப்பமிட்டுச் சான்று பெற வேண்டும். அதனுடன் அண்மைய ஊதியச் சீட்டுகளையும் உங்கள் குடியிருப்பு அட்டையின் நகலையும் கேட்பார்கள். கையொப்பம் சரிபார்க்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் படிவத்தைப் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால், ஆர்வத்தில் அளவுக்கு மீறி முன்கூட்டியே வாங்கி வைப்பதும் தவறு. இந்தப் படிவத்தின் மூலத்தாளைத்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும். நான் நம்பிய ஒரு முகவர் மின்னஞ்சல் நகல் போதும் என்று சொல்லி, எங்களுக்கு மூன்று வாரங்கள் வீணாயின.

பெற்றோர் வந்திறங்கி உங்கள் வீட்டில் தங்கினால், மூன்று வேலை நாட்களுக்குள் நகராட்சியில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். விடுதியில் தங்கினால் விடுதியே அதைக் கவனித்துக்கொள்ளும். வந்த களைப்பில் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

4. கட்டணத்தையும் சலுகையையும் ஒப்பிடுங்கள்

பெரியவர் ஒருவருக்கான நுழைவுக் கட்டணத்துக்கு 20 யூரோ ஒதுக்கி வையுங்கள், அதற்குள் அடங்கும். குழந்தைகள், மாணவர்கள், முதியோர் ஆகியோருக்குத் தனித்தனிக் கட்டணம் உண்டு. இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் வாயிலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் மழை வருமா என்று தெரியாமல் இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்குவதைவிட, முந்தைய நாள் மாலை வானிலையைப் பார்த்துவிட்டு வாங்குவதே எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

ஆண்டுக்கு நான்கைந்து அருங்காட்சியகங்களாவது பார்ப்பவர் என்றால் மியூசியம்பாஸ் வாங்குவது லாபம். ஓராண்டு செல்லும் இந்த அட்டை பெல்ஜியம் முழுவதும் 200க்கும் மேற்பட்ட இடங்களில் ஏற்கப்படுகிறது. கெண்ட், புரூஜ் நகரங்களில் நான் மேலே சொன்ன இரண்டும் அதில் அடங்கும். ஒருவர் பெயரில் வாங்கிய அட்டையை மற்றொருவர் பயன்படுத்த முடியாது. சில வாரங்களே தங்கும் பெற்றோருக்கு இதை வாங்குவது வீண் செலவு.

பிளாண்டர்ஸில் குடியிருப்பவராக இருந்து வருமானம் குறைவாக இருந்தால், உங்கள் ஊர் நகராட்சியில் ஔட்பாஸ் என்ற ஓய்வுநேர அட்டையைப் பற்றிக் கேளுங்கள். வருமானச் சான்றும் தேசியப் பதிவு எண்ணும் காட்டினால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான சலுகை அதில் சேர்க்கப்படும். பல அருங்காட்சியகங்களில் கட்டணம் பெருமளவு குறைந்துவிடும். புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயக்கம் வேண்டாம், அது உங்களைப் போன்றோருக்காகவே ஏற்படுத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் ஐரோப்பிய மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டா என்று கட்டணச் சாளரத்திலேயே கேட்டுவிடலாம்.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பொக்ரெய்க் என்பது ஐந்நூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட பெரிய நிலப்பரப்பு. அதிலுள்ள பூங்கா, மரத்தோட்டம், குழந்தைகளின் பெரிய விளையாட்டுத் திடல் ஆகியவை இலவசம். கட்டணம் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு மட்டுமே. குழந்தைகளோடு போவோர் முதலில் விளையாட்டுத் திடலைக் காட்டிவிட்டால், அன்று அருங்காட்சியகத்தை மறந்துவிட வேண்டியதுதான். திடலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. போய்ச் சேரும் வழி

ரயிலில் போவதே எளிது. ஹாசெல்ட்டுக்கும் கெங்க்குக்கும் இடையே பொக்ரெய்க் என்ற பெயரிலேயே ஒரு சிறிய நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மரங்களுக்கு நடுவே சிறிது நேரம் நடந்தால் வாயில் வந்துவிடும். பயணச்சீட்டை 'ஹாசெல்ட் வரை' என்று எடுத்துவிடாமல் 'பொக்ரெய்க்' என்றே எடுங்கள். நிலையத்தில் கடையோ பணியாளரோ இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரும் திரும்பும் சீட்டும் கையில் இருக்கட்டும்.

பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் பாதி விலை வார இறுதிச் சீட்டைப் பற்றிப் பேசுகின்றன. 2025 அக்டோபரில் பெல்ஜிய ரயில்வே தன் கட்டண முறையை மாற்றியபோது அது நின்றுவிட்டது. இப்போது 'டிரெய்ன் பிளஸ்' என்ற சலுகை அட்டை இருந்தால், நெரிசல் இல்லாத நேரங்களில் 40 விழுக்காடு குறைகிறது. சனி, ஞாயிறு முழுவதும் நெரிசல் இல்லாத நேரமாகவே கணக்கிடப்படுகிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், சீட்டு வைத்திருக்கும் பெரியவருடன் இலவசமாகப் பயணம் செய்யலாம். வயதுச் சான்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் பிள்ளையின் அடையாள அட்டையோ கடவுச்சீட்டின் நகலோ பையில் இருக்கட்டும்.

காரில் வந்தால் நிறுத்தக் கட்டணம் தனி. வாயில்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. எந்த வாயிலுக்கு அருகே நிறுத்தினீர்கள் என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் களைத்துப்போன முதியவர்களுடன் தவறான வாயிலில் வெளியே வந்தால் நீண்ட தூரம் திரும்பி நடக்க வேண்டியிருக்கும்.

லூவனிலிருந்து ரயிலில் போன இரண்டு பெரியவர்கள், இரண்டு சிறுவர்கள் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு, பயணம், நுழைவு, மதிய உணவு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 120 யூரோவை ஒட்டிச் செலவானது.

6. உள்ளே போனதும் எந்த வரிசையில் நடப்பது

திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கட்டணச் சாளரத்தில் வரைபடத்தைத் தாளில் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியை நம்பினால் மரநிழலில் திரையும் தெரியாது, மின்னேற்றமும் தீர்ந்துவிடும். முழுவதையும் பார்க்க ஒரு நாள் தேவை. அரை நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள்.

எனக்குப் பிடித்ததும், புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும், பிளாண்டர்ஸின் கெம்பன் வட்டாரத்து வீடுகள் நிற்கும் பகுதி. மணற்பாங்கான ஏழை நிலம் அந்த வட்டாரம். மனிதரும் மாடும் ஒரே நீண்ட கூரைக்குக் கீழ் வாழ்ந்த வீடுகளை அங்கே காணலாம். நுழைந்ததும் தொழுவத்தின் தரையைக் குனிந்து பாருங்கள். மற்றத் தரையைவிட அது தாழ்ந்திருக்கும். குளிர்காலம் முழுவதும் சாணத்தை அள்ளாமல், அதன்மேல் புதர்நிலத்திலிருந்து வெட்டிய புல்வேர்க்கட்டிகளையும் வைக்கோலையும் பரப்பிக்கொண்டே போவார்கள். மாடு மிதித்து மிதித்து அது எருவாகும். வசந்தத்தில் வெட்டி எடுத்து வயலில் போடுவார்கள். அந்த எரு இல்லையென்றால் அந்த மணலில் ரொட்டிக்கான தானியமான ரை விளைந்திருக்காது. வீட்டின் அமைப்பு முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு பள்ளம் போதும்.

பிறகு அடுப்பைப் பாருங்கள். மேலிருந்து பற்கள் வெட்டிய இரும்புச் சட்டம் ஒன்று தொங்கும். பானையை ஒரு பல் ஏற்றினால் சூடு குறையும், ஒரு பல் இறக்கினால் கூடும். பெரிய கொப்பரை ஒன்று சுழலும் மரக்கையில் மாட்டப்பட்டிருக்கும். அது வீட்டாருக்கு அல்ல, மாட்டுக்கு. தீவனம் வெந்ததும் கொப்பரையை அப்படியே தொழுவத்தின் பக்கம் திருப்பிவிடுவார்கள். கட்டில்கள் சுவருக்குள் அலமாரி போல் அடைந்திருக்கும். வாசல்கள் தாழ்வானவை, குனிந்து நுழையுங்கள். உள்ளே இருட்டாக இருக்கும் என்பதால் கண் பழகும்வரை ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடப்பது முதியவர்களுக்கு நல்லது.

சுவர்கள் வரிச்சுகளுக்கு நடுவே வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பிக் கட்டியவை. மண் உதிர்ந்த ஓரிடத்தில் வரிச்சு வெளியே தெரிந்தது. என் அம்மா அதன் அருகே நீண்ட நேரம் நின்று, "வைக்கோலை இன்னும் பொடியாக நறுக்கியிருக்கலாம்" என்றார். மண்சுவர் வைத்துக் கட்டியவர் அவர்.

கெம்பனை முடித்த பிறகு ஹாஸ்பங்கௌ பகுதிக்குப் போனால் வேறுபாடு தானாகவே விளங்கும். அது வளமான நிலம். அங்கே பண்ணைவீடு நான்கு பக்கமும் அடைத்த முற்றமாகப் பெரிதாக எழுந்திருக்கும். கிழக்கு, மேற்கு பிளாண்டர்ஸ் வீடுகளில், பாலும் வெண்ணெயும் குளிர்ச்சியாக இருக்கப் பாதி நிலத்தடியில் ஒரு கிடங்கும், அதற்கு மேலே சில படிகள் ஏறிப் போகும் ஓர் உயர்ந்த அறையும் இருப்பதைக் கவனியுங்கள். எர்பெகோம் கிராமத்திலிருந்து கொண்டுவந்த சிறிய தேவாலயத்தையும், உடல் முழுவதும் ஒரே தூணின்மேல் காற்றின் திசைக்குத் திரும்பும் மரக் காற்றாலையையும் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கென்று தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

பாதைகள் பல இடங்களில் கல் பாவியவை, சில இடங்களில் மணல். சிறிய சக்கரங்கள் கொண்ட குழந்தை வண்டி மிகவும் திணறும். அடி தடித்த காலணியும் மழை மேலங்கியும் கட்டாயம். குடை இருந்தால் தாழ்ந்த வாசல்களில் அதுவே தொல்லை.

7. ரொட்டி அடுப்பைத் தவறவிடாதீர்கள்

ஒரே ஒரு செய்முறையைத்தான் பார்க்க முடியும் என்றால் ரொட்டி சுடுவதைப் பாருங்கள். வாயிலில் நுழையும்போதே, இன்று எந்த அடுப்பில், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். காலையில் தீ மூட்டுவதிலிருந்து இருந்தால்தான் அது புரியும்; சுட்ட ரொட்டியை மட்டும் பார்ப்பது கடையில் பார்ப்பது போலத்தான்.

ரொட்டி அடுப்பு வீட்டுக்குள் இருக்காது. வைக்கோல் கூரையில் தீப்பொறி விழக்கூடாது என்பதால், 'பாக்ஹெய்ஸ்' எனப்படும் தனிக் குடிலில் எட்டவே கட்டியிருப்பார்கள். சுள்ளிக் கட்டுகளை அடுப்பின் வளைவுக்குள்ளேயே போட்டு எரிப்பார்கள். முதலில் செங்கல் எல்லாம் கரி படிந்து கறுப்பாகும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய் வளைவு வெளுத்துவிடும். வெளுத்துவிட்டால் அடுப்பு தயார். வெப்பமானி எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அவர்கள் நம்பிய அடையாளம் அது. பிறகு தணலையும் சாம்பலையும் வாரி இழுத்துவிட்டு, நீண்ட கோலில் கட்டிய ஈரத் துணியால் அடுப்பின் தரையைத் துடைப்பார்கள். சீறிக்கொண்டு ஆவி எழும். அதன் பின்னரே மாவு உருண்டைகளை நீளக் கைப்பிடி கொண்ட மரத்துடுப்பில் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார்கள். துடுப்பை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கும் அந்த நொடியைப் பாருங்கள். இழுத்த வேகம் சரியாக இருந்தால்தான் உருண்டை வடிவம் கெடாமல் தரையில் அமரும். ரொட்டியை எடுத்த பிறகு எஞ்சிய சூட்டில் பழத்துண்டுகளை உலர்த்துவது வழக்கம்.

சுடுபவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். விளக்கப் பலகைகளில் டச்சு மொழியே மேலோங்கியிருக்கும், ஆனால் ஆங்கிலத்தில் பேசினால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். 'மாஹ் இக் இத்ஸ் வ்ராஹன்?', அதாவது ஒன்று கேட்கலாமா என்று டச்சில் தொடங்கிவிட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். படம் எடுப்பதற்கு முன்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

8. சாப்பாடு

உள்ளே விடுதிகள் உண்டு. விடுமுறை நாட்களில் பன்னிரண்டு மணிக்கு மேல் இடம் கிடைப்பது கடினம் என்பதால் பதினொன்றரைக்கே போய் அமர்ந்துவிடுங்கள். அட்டையில் பணம் செலுத்தலாம், என்றாலும் சில்லறையாக இருபது யூரோ இருக்கட்டும்.

சைவம் உண்போர் மூன்று விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். ரொட்டியில் தடவித் தருவது வெண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள்; 'ஸ்மௌட்' என்றால் பன்றிக் கொழுப்பு. பான்கேக்கின் பெயரில் 'ஸ்பெக்' என்று இருந்தால் அதில் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பில் லிம்பர்க்கின் 'ஃப்ளாய்' என்ற பெரிய வட்டப் பணியாரத்தைத் தேடுங்கள். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து நிரப்பிய வகை நம்மவர் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் அதில் முட்டை உண்டு. வீட்டிலிருந்து புளிச்சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய்ப் பூங்காவின் மேசையில் அமர்ந்து உண்பது, முதியவர்களோடு போகும்போது எல்லா வகையிலும் நிம்மதி.

9. திரும்பும் முன்

மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செய்முறைகள் அடங்கத் தொடங்கிவிடும். நான்கு மணிக்குள் முக்கியமானவற்றை முடித்துவிட்டு, பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். மிதிவண்டி ஓட்டுவோருக்கு இதே நிலப்பரப்பில் 'நீருக்குள் மிதிவண்டி' என்ற 212 மீட்டர்ப் பாதை இருக்கிறது. குளத்தைப் பிளந்தது போல அமைத்த அந்தப் பாதையில் இருபுறமும் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்கும். அது அருங்காட்சியகத்துக்கு வெளியே இருப்பதால் கட்டணமில்லை, ஆனால் வாடகை மிதிவண்டியைத் திருப்பித் தரும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலையில் ரயில்கள் அடிக்கடி வருவதில்லை. உள்ளே நுழைவதற்கு முன்பே திரும்பும் ரயிலின் நேரத்தையும் அதற்கு அடுத்த ரயிலின் நேரத்தையும் குறித்துக்கொண்டு, புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே வாயிலை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ரொட்டி வாங்கியிருந்தால் அதைப் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம். சூடு அடங்காமல் கட்டினால் மேலோடு நமத்துவிடும். காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.